ஒட்டியதை வெட்டும் நொதி

1

இந்தக் கதையை யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. தங்கை என் சமையலறையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். நான் தேநீர் ஆற்றுகிற சாக்கில் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். எழுத்தாளன் அண்ணனாக வாய்த்தால் இதுதான் கதி.

2

'ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகள் மின்ன, அவள்...'

(அடித்துவிட்டேன். அங்கே மின்னுவது எதுவுமில்லையாம். விரல்நுனி அளவு பிளாஸ்டிக் குழாய்களும் ஓயாமல் இரைகிற குளிர்பெட்டியும்தான்.)

வேலை இதுதான். மருந்தாகப் போகிற புரதத்தின் மேல், சற்றே மாற்றிச் செய்த சர்க்கரையை ஒட்டவேண்டும். ஒட்டினால் மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும். ஒட்டுவது ஒரு நொதி. அதற்கு ஒரு கெட்ட குணம்: வேளை பார்த்து நிறுத்தாவிட்டால், ஒட்டியதைத் தானே வெட்டிப்போடும்.

(திருமணத்துக்கு உவமையாக்கக் கை பரபரத்தது. "அண்ணா, உவமை கிவமைன்னு ஆரம்பிச்சே, உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்" என்றாள்.)

3

ஆய்வகத் தலைவர் அவள் கணவர்.

"இப்பவே நிறுத்திடலாம்" என்றாள் இவள்.

"பாதிதானே ஒட்டியிருக்கு? சாப்பிட்டு வந்து பாப்போம். உனக்கு எல்லாத்துலயும் அவசரம்."

எல்லாரும் சாப்பிடப் போனார்கள். இவளும் போனாள். (இங்கே என் கதாநாயகி மேல் எனக்கே சந்தேகம். ஏன் போனாய் என்று கேட்டேன். "அத்தனை பேர் முன்னால புருஷனை மீறிக் குழாயில கை வைக்கச் சொல்றியா?")

திரும்பி வந்தபோது ஒட்டிய சர்க்கரையெல்லாம் உதிர்ந்திருந்தது. மாதக்கணக்கில் அவள் செய்து சேர்த்தது, மிச்சமில்லை. நாளைக் காலை விசாரணை. தவறு யாருடையதோ, அவருக்கு வேலை போகும்.

4

முடிவு ஒன்று: 'நான்தான் மறந்துவிட்டேன்' என்கிறாள். கணவர் கண்கலங்கி... (வார இதழுக்கு இது போதும். எனக்குக் குமட்டுகிறது.)

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். அன்று மாலை வீடு திரும்பி...

இங்கே தொலைபேசி. மாப்பிள்ளைதான். "மச்சான், நீங்க சொன்னா கேப்பா. மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை. அவளுக்கு வேற வேலை கிடைச்சிடும். எனக்கு இது போனா எல்லாம் போச்சு."

அம்மா முன்பே சொல்லியாயிற்று: "விட்டுக்கொடுத்தவ கெட்டுப்போறதில்லடி."

5

நாளைக் காலை அவள் வாயைத் திறப்பாள். என்ன சொல்வாள் என்று நான் கேட்கவில்லை. ஆளுக்கொரு வசனத்தை அவள் வாயில் திணித்தாயிற்று. நானும் என் பங்குக்கு இரண்டு. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

உங்கள் கையிலும் ஒரு முடிவு இருக்கும். கீழே வையுங்கள்.