டாக்ஸிக்கு வராத தள்ளுபடி

முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு "மெதுவாப் போங்க" என்று மனைவி முணுமுணுப்பதற்கு விலை நூற்றுக்கு ஐம்பது. ஆறு வருஷம் ஒரு கீறலுக்கும் கை நீட்டாமல் வண்டி ஓடியதற்காக இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவந்த தள்ளுபடி அது.

இப்போது அந்த சீட் காலி. அவள் கடல் தாண்டி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஒப்பந்தம் முடியும் முன் ஊர் திரும்ப அபராதம் கட்ட வேண்டும். அந்தப் பணத்துக்காகத்தான் அவன் காரை டாக்ஸியாக்கத் துணிந்தான். பெர்மிட்கூட வந்துவிட்டது.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் அவளுடைய சொந்த அண்ணன். வண்டியைப் படம் எடுத்தவர் முன்கதவைத் திறந்தார்.

"சீட்டை இவ்வளவு முன்னாடி இழுத்து வெச்சிருக்கீங்க? சவாரி காலை எங்க வைப்பான்?"

"அவ உசரத்துக்கு வெச்சது."

அண்ணன் சீட்டைத் தொடாமல் கதவைச் சாத்திவிட்டுக் கால்குலேட்டரைத் தட்டினார். "வாடகை வண்டின்னா பிரீமியம் ரெண்டு மடங்கு, மாப்ள. பழைய தள்ளுபடியும் கிடையாது."

"பார்த்துக் குறைங்க மச்சான்."

"தங்கச்சியையே கொடுத்தாச்சு. இன்னும் என்னத்தைக் குறைக்க?"

சிரிப்பு சீக்கிரம் தீர்ந்தது. கூடுதல் பணம் அபராதத்துக்குச் சேர்த்ததிலிருந்துதான் போக வேண்டும். போனால் அவள் வருவது மூன்று மாதம் தள்ளும்.

"பாலிசியை மாத்தாமலே ஓட்டினா?" என்றான், குரலைத் தாழ்த்தி.

"ஓட்டலாம். சவாரியோட இடிச்சா கம்பெனி கையை விரிச்சிடும். அடிபட்டவனுக்கும் நீங்கதான் அழணும்."

அவன் அவளுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னான்.

"மாத்திடுங்க" என்றாள் எடுத்த எடுப்பில்.

"மூணு மாசம்டி."

"எனக்கும் எண்ணத் தெரியும். நீங்க கோர்ட்டு வாசல்ல நின்னா ஏர்போர்ட்டுக்கு யாரு வருவா? அண்ணனா? அதுக்கும் கமிஷன் கேப்பாரு."

"கேக்குது" என்றார் அண்ணன்.

அவள் சிரித்தாள்.

"அந்த மூணு மாசத்தை என் பேர்ல கடனா எழுதிக்கங்க."

"வட்டி?"

"அதைத் தனியாப் பேசிக்கலாம். அண்ணன் இருக்காரு."

போனை வைத்ததும் அவன் பணத்தை எண்ணிக் கொடுத்தான். அண்ணன் வேறெங்கோ பார்த்தபடி, தன் கமிஷன் அளவுக்கு நோட்டுகளைப் பிரித்து அவன் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினார்.

வீட்டுக்கு வந்து அவன் கணக்குப் பார்த்தான். பிரீமியம், முழுதும் செலுத்தியது. பிரிவு, தொண்ணூறு நாள். மச்சான் கமிஷனால் கழித்தது, பன்னிரண்டு நாள். பாக்கி எழுபத்தெட்டு நாள், வட்டி தனி.