பதினான்காம் வரி

எங்கள் மேலாளர் கர்ட்டிஸ் கணினித் திரையை நம்ப மாட்டார். தாளில் இருந்தால்தான் அவருக்கு ஒரு ஆள் உண்டு. கனடாவின் ரெஜைனாவில் எங்கள் பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் நான்கு பேரை நீக்கச் சொல்லி உத்தரவு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"பெர்னி, எல்லார் பேரையும் பிரிண்ட் போட்டுக் கொண்டா. ஒரு வரி சாம்பல், ஒரு வரி வெள்ளைன்னு அழகா இருக்கட்டும்."

வேலை போகிறவனுக்கு அழகு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பதினான்காம் வரியில் லோர்ன் இருந்தார். பக்கத்து மேசைக்காரர், பென்ஷனுக்குப் பதினோரு மாதம் பாக்கி. பனியில் சிக்கிய என் காரை எத்தனையோ முறை தள்ளிவிட்டவர். அவர் போனால் எனக்குத் தாங்காது. அலுவலகத்தில் எல்லாரும் திறக்கும் எக்செல் ஷீட்டில் அந்த வரியை மட்டும் தெரியாதபடி மறைத்தேன். பதிமூன்றும் பதினைந்தும் இரண்டு சாம்பல் வரிகளாக ஒட்டி நின்றன. கீழே இன்னொரு இடத்திலும் அப்படியே. முன்பு நிறம் போட்டவரைத் திட்டிக்கொண்டே இரண்டையும் சரிசெய்தேன். பெயர்களைப் படிக்கவில்லை.

கர்ட்டிஸ் தாளில் அளவுகோல் வைத்து நான்கு பெயர்களை அடித்தார். அதில் ஒருவர் லோர்னுக்குப் பதிலாகப் போயிருக்கலாம். இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

அடுத்த மாதம் புது மாடிக்கு மாறினோம். அதே தாளைப் பார்த்துத்தான் நாற்காலி போட்டார்கள். லோர்னுக்கு இல்லை. தெரிந்ததுதான். எனக்கும் இல்லை.

ஷீட்டைத் திறந்தேன். இருபத்தொன்றுக்குப் பிறகு இருபத்துமூன்று. நடுவில் இருக்க வேண்டியது நான்.

"என்னம்மா முழிக்கிற?" என்றார் லோர்ன். "ரெண்டு பிள்ளைங்கள வச்சுக்கிட்டுத் தனியா அல்லாடுற. அந்த ஆளு அளவுகோலுக்கு உன்ன விட்டுடுவேனா?"

"உங்க வரிய மறைச்சது நான்."

"அட லூசு!" என்றார்.

"மறைச்சத இப்ப எடுத்து விட்டுடலாமா?" என்றேன்.

"பேசாம இரு. ஏப்ரல்ல ஆள் குறைக்க இன்னொரு லிஸ்ட் வருதாம்."

பனிக்கட்டியில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் கிளப்பிலிருந்து இரண்டு மடக்கு நாற்காலிகள் கொண்டுவந்து பிரிண்டர் பக்கத்தில் போட்டுக்கொண்டோம். சம்பளம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒழுங்காக வருகிறது. நேற்று தாள் எடுக்க வந்த கர்ட்டிஸ் எங்களைப் பார்த்து நின்றார். கையிலிருந்த பட்டியலையும் பார்த்தார்.

"பெர்னி, லோர்ன், கீழ விசிட்டர் நோட்டுல கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டாச்சு சார்" என்றார் லோர்ன். "தினமும் போடுறோம்."