பாதி முகம் போன கோல்கீப்பர்

அக்கா வீட்டுக்காரருக்கு நர்ஸ் மனசுக்குள் வைத்திருந்த பெயர் மியூசியம். வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. நேரில் அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அந்த வீட்டுக் காலிங்பெல்லை அழுத்தும்போதே, மியூசியம் திறந்திருக்கிறதோ என்னவோ என்ற நினைப்பு தானாக வந்துவிடும்.

மனுஷனுக்கு டைல்ஸ் கடையில் மேனேஜர் வேலை. அதில் அவருக்கு ஒரு பெருமையும் இல்லை. பெருமையெல்லாம் அட்டைகளில். கால்பந்து வீரர்களின் படம் போட்டு, பாக்கெட்டுக்கு ஐந்தாக விற்கிற அட்டைகள். பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்த்தது ஆயிரத்துச் சொச்சம் இருந்தது. வீட்டிலேயே காற்றும் வெளிச்சமும் வருகிற நல்ல அறையை அவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, வெளிச்சம் ஆகாது என்று ஜன்னலைக் கனமான திரை போட்டு மூடியும் வைத்திருந்தார். அக்காவின் தையல் மெஷின் பால்கனியில் கிடந்து துருப்பிடித்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் தப்ப முடியாது. அலமாரிக்கு முன்னால் நிற்க வைத்து, வெள்ளைப் பருத்திக் கையுறையை விரல் விரலாக மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மூச்சுக்காத்து படக்கூடாது" என்பார். அப்புறம் அதே கையுறையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு அட்டையை எடுப்பார்.

பதினாறு வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறவள் நர்ஸ். பெரிய டாக்டரே ஆனாலும் கையுறை போட்ட கை தவறி மாஸ்கில் பட்டுவிட்டால், "சார், கையுறையை மாத்திக்குங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். அத்தான் மூக்கைத் தேய்க்கும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு அரிக்கும். அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொள்வாள்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் தன் கடையிலேயே, வழுக்காத டைல்ஸ் என்று போர்டு வைத்திருந்த பகுதியிலேயே வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அக்கா போனில் சொன்னதும் நர்ஸ் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சிரித்து முடித்தாள். அதற்குப் பிறகுதான் எலும்பு விலகியிருக்கிறதா, வெறும் கீறல்தானா என்று விசாரித்தாள்.

"மாவுக்கட்டு ஆறு வாரம் இருக்கணுமாம்" என்றாள் அக்கா. "ஆனா பிரச்சினை அது இல்லடி. இன்னும் மூணு வாரத்துல அட்டை சேக்கிறவங்க எல்லாரும் கூடுறாங்க. இவரோடதைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்களாம். பழைய ஆல்பத்துல இருக்கிறதையெல்லாம் புது ஹோல்டருக்கு மாத்தணும். ரெண்டு பெட்டி ஹோல்டர் வாங்கி வச்சிருக்கார். ஒத்தக் கையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவார்?"

"நீ மாத்திக் குடேன்."

"நான் தொடக்கூடாதாம். என் கை ஈரக்கையாம்."

"என்னை மட்டும் நம்புறாரா?"

"உன்னையும் நம்பல. ஆனா வேற யாரும் வர மாட்டாங்கன்னு அவருக்கே தெரியும்."

அக்காவின் குரல் முன்பெல்லாம் இப்படி இருந்ததில்லை. இருபது பேர் இருக்கிற கூடத்தில் ஒருத்தியாகச் சிரித்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தவள், இப்போது பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற மாதிரியே பேசினாள். அந்தக் குரலுக்காகத்தான் நர்ஸ் தன் விடுப்பு நாட்களைக் கொடுத்தாள்.

முதல் நாள் போனபோது அத்தான் நாற்காலியில், கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் ஏந்திக்கொண்டு, போரில் காயம்பட்ட தளபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை எடுத்து வைத்திருந்தார்.

"முதல்ல இதைப் போட்டுக்க."

"வேண்டாம் அத்தான். துணிக் கையுறை வழுக்கும். நூல் மூலையில மாட்டினா மூலை மடங்கிடும். கையைக் கழுவி நல்லா ஈரம் போகத் துடைச்சாப் போதும்."

"இருபது வருஷமா நான் இதைத்தான் போடுறேன்."

"அதான் பாதி அட்டைக்கு மூலை மழுங்கியிருக்கு."

அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். வேலை நடக்க வேண்டுமே என்று மூடிக்கொண்டார். நர்ஸ் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிப் பையில் போட்டாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். மேஜைமேல் சுத்தமான வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்தாள், அட்டை கை தவறினாலும் மெத்தென்று விழட்டும் என்று.

பழைய ஆல்பத்தைத் திறந்ததும் புது மழைக்கோட்டு நாற்றம் அடித்தது. வளைந்து கொடுக்கிற மலிவுப் பிளாஸ்டிக். தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. ஒவ்வொரு பையையும் ஓரத்தில் வெட்டித் திறந்து, அட்டையின் முகத்தைத் தொடாமல் இரண்டு விளிம்புகளை மட்டும் பிடித்து எடுத்தாள். முதலில் மெல்லிய உறை. உறையின் வாயை லேசாக அழுத்தினால் அது மீன்வாய் மாதிரி திறக்கும். அட்டை தன் எடையிலேயே உள்ளே இறங்கும். உறையோடு சேர்த்துக் கெட்டியான ஹோல்டருக்குள் செருகினால் முடிந்தது. வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. கத்தரிக்கோலையும் இடுக்கியையும் எண்ணி எண்ணிப் பழகிய கை, பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டே போனது.

பிடிக்காதது மேற்பார்வைதான். அத்தான் இடது கையில் டீக் கோப்பையோடு அட்டைகளுக்கு மேல் குனிந்து குனிந்து வந்தார். நர்ஸ் கோப்பையை வாங்கிக்கொண்டு போய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தாள். அப்படியும் அவர் ஒவ்வொரு வீரரின் வரலாற்றையும் எச்சில் தெறிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோராவது தடவை துளி தெறித்தபோது அவள் பையிலிருந்து ஒரு மாஸ்கை எடுத்து நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"பேசணும்னா போட்டுக்கிட்டுப் பேசுங்க."

"என் அட்டை, என் வீடு."

"ஆமா. உங்க எச்சிலும்தான்."

சமையலறையில் ஏதோ பாத்திரம் ணங்கென்று விழுந்த சத்தம் கேட்டது. அக்கா சிரிப்பை அடக்கியிருக்கிறாள் என்று நர்ஸுக்குப் புரிந்தது. அத்தான் மாஸ்கை வாங்கிப் போட்டுக்கொண்டார். மூக்கு வெளியே இருந்தது. அதற்கு மேல் சொல்ல அவளுக்கே அலுப்பாக இருந்தது.

இரண்டாவது தடவை போனபோதுதான் கோல்கீப்பர் வந்தார்.

அந்த அறையில் இருந்த தெய்வம் அவர்தான். அச்சகத்தில் படம் இடம்வலமாகத் திரும்பிப்போய், சட்டையில் இருக்கிற எண்ணே கண்ணாடியில் தெரிகிற மாதிரி பக்கம் மாறி விழுந்த அட்டை. தப்பைக் கண்டுபிடித்து நிறுத்துவதற்குள் கொஞ்சம்தான் வெளியே வந்ததாம். அத்தான் அதை ஆல்பத்தில் வைக்கவில்லை. இரண்டு தடித்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பலகைகளுக்கு நடுவில் வைத்து, நாலு மூலையிலும் திருகாணி போட்டு, திருகும் வரை திருகியிருந்தார்.

"பாத்தியா? இதுக்குள்ள காத்துகூடப் போகாது" என்றார். "பதினாலு வருஷம் ஆச்சு, நான் இறுக்கி."

நர்ஸ் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திரையை லேசாக விலக்கி, சாய்த்துப் பார்த்தாள். கோல்கீப்பரின் முகத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஈரம் பட்ட மாதிரி ஒரு திட்டு மினுங்கியது.

"உள்ளே உறை போட்டீங்களா?"

"எதுக்கு? பலகையே பாதுகாப்புத்தானே?"

அவள் திருகாணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். நாலும் வெளியே வந்தன. பின்பக்கப் பலகை சுலபமாகக் கழன்றது. முன்பலகை மட்டும் அட்டையோடு சேர்ந்தே வந்தது. நர்ஸ் அதைத் துண்டின்மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"அத்தான், இது ஒட்டிக்கிட்டிருக்கு. இத்தனை வருஷம் அழுத்தினதுல மேல இருக்கிற பளபளப்பு பலகையில பிடிச்சிருச்சு. நான் பிரிக்க மாட்டேன். இப்படியே வைங்க. பழைய காகிதம் செப்பனிடத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா காட்டலாம்."

"ஒட்டுறதாவது. லேசா ஒரு இழு இழுத்தா வந்துடும்."

"வராது. முகம் போயிடும்."

"எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

அக்கா அப்போது வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் காயப்போட்ட துணிகள். "ஏங்க, அவதான் சொல்றாளே" என்று ஆரம்பித்தாள். அதற்குள் அவர் இடது கையை நீட்டி, அட்டையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தார்.

பிளாஸ்திரி பிய்க்கிற சத்தம் கேட்டது. அட்டை அவர் கையோடு வந்தது. கோல்கீப்பரின் நெற்றியும் ஒரு கண்ணும் பாதி மீசையும் பலகையிலேயே தங்கிவிட்டன.

அத்தான் அட்டையைத் திரும்பப் பலகைமேல் வைத்து அழுத்திப் பார்த்தார். அந்த ஒரு கணம் நர்ஸுக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது. அது நிலைக்க அவர் விடவில்லை.

"நீ எல்லாத் திருகாணியையும் ஒரேயடியா எடுத்திருக்கக் கூடாது" என்றார். "அதுலதான் போச்சு."

நர்ஸ் அவரைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் நின்ற அக்காவைப் பார்த்தாள். அக்கா துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி உள்ளே போய்விட்டாள். நர்ஸ் வாட்சைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த நாலு நாளில், நர்ஸ் அட்டையைக் கெடுத்துவிட்டாள் என்ற செய்தி சொந்தபந்தம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. நர்ஸின் அம்மா போன் பண்ணினாள்: "அவர் சோறு தண்ணி இல்லாம இருக்காராம்மா. தெரியாம நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன குறைஞ்சிடும்?" நர்ஸின் வீட்டுக்காரர், "அந்த ஆளைப் பத்தித் தெரியாதா, விடு" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தான் பொய் சொல்வார் என்பது அவளுக்குப் புதுசில்லை. அவரிடமிருந்து வேறு எதையும் அவள் எதிர்பார்த்ததும் இல்லை. போன் பண்ணாதது அக்கா. கண்ணால் பார்த்தவள். அந்த நாலு நாளும் நர்ஸுக்கு அத்தானைவிட அக்காதான் அதிகம் இளப்பமாகத் தெரிந்தாள். இத்தனை தூரம் குனிந்துபோனவளுக்காகவா இரண்டு விடுப்பை விட்டோம் என்று, தன்மேலும் எரிச்சலாக வந்தது.

அப்படியும் ஐந்தாம் நாள் போனாள். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. இன்னும் நூற்றெண்பது அட்டை பிசுபிசுத்த ஆல்பத்தில் கிடந்தது. ஆரம்பித்ததை எண்ணி முடிக்காமல் கையைக் கழுவிவிட்டுப் போவது அவளால் ஆகாத காரியம்.

அவளைப் பார்த்ததும் அத்தானின் முகத்தில் பெருந்தன்மை வந்து உட்கார்ந்தது. "போனது போகட்டும். மனுஷங்கன்னா தப்பு நடக்கும்" என்றார். அவள் துண்டை விரித்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவருக்குப் போன் வந்தது. கூட்டத்தை நடத்துகிற செயலாளர். ஒத்தக் கை என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். கோல்கீப்பர் அட்டையைத்தான் நடுவில் வைப்பதாக இருக்கிறோம், தயாரா என்று கேட்டார் செயலாளர்.

"அதை ஏன் கேக்குறீங்க" என்று அத்தான் பெருமூச்சு விட்டார். "என் மச்சினி ஒருத்தி. நர்ஸ்தான், ஆனா இந்த மாதிரி வேலையில அனுபவம் இல்ல. உதவி பண்றேன்னு வந்து, அவசரப்பட்டு—"

"அவ இழுக்கல."

அக்காதான் சொன்னாள். பால்கனிக் கதவோரம் நின்றிருந்தாள். குரல் உயரவில்லை. ஆனால் போனுக்குக் கேட்கிற அளவுக்கு இருந்தது. "அவ வேண்டாம்னு சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. இவர்தான் இடது கையால பிச்சார். நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "சரி, சரி, மீதியைக் கொண்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அத்தான் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இருந்தார். அக்கா உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். நர்ஸ் தலை நிமிரவில்லை. கையிலிருந்த அட்டையை உறைக்குள் இறக்கினாள். அன்றைக்கு வேலை முடியும் வரை யாரும் அவளை மேற்பார்வை பார்க்கவில்லை.

கூட்டத்தில் அத்தானின் பெட்டிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. எதற்கென்றால், சிறந்த பராமரிப்புக்கு. கட்டுக் கையோடு சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டு, 'இருபது வருட உழைப்பு' என்று எழுதியிருந்தார். கோல்கீப்பரையும் அவர் விடவில்லை. அட்டையை ஒரு ஹோல்டரில் போட்டு, மீசை ஒட்டிய பலகையை அதன் பக்கத்தில் வைத்து, உலகத்தில் இப்படி இது ஒன்றுதான் என்று வருகிறவர்களிடம் காட்டுகிறாராம். அதுவும் உண்மைதானே என்று நர்ஸ் நினைத்துக்கொண்டாள். அம்மா, பெரியம்மா, சித்தப்பா எல்லோரும் பூங்கொத்துப் படம் அனுப்பியிருந்தார்கள். நர்ஸ் ஒன்றும் அனுப்பவில்லை.

அன்று மத்தியானம் அக்கா போன் பண்ணினாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். நாலு நாள் ஆயிடுச்சு."

"ஆமா" என்றாள் நர்ஸ்.

"கோவமா?"

"கோவம்தான்."

அக்கா கேட்டாள்: "தையல் மெஷினை உன் வீட்டுல கொண்டு வந்து போடட்டா? வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து தைக்கிறேன்."

கோபம் அப்படியேதான் இருந்தது. அது இன்னும் கொஞ்ச நாள் இருக்கும் என்றும் நர்ஸுக்குத் தெரிந்தது.

"துருவைத் துடைச்சுட்டுக் கொண்டு வா" என்றாள். "என் வீட்டை அழுக்காக்காதே."