காலைக்கு ஒரு சுட்டி

1

ஒரு புதன்கிழமைப் பதிவு வராமல் போனதால்தான் இந்தக் கதை வந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சியாயி ஊரில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜியென் தே-குவாங் என்பவரிடமிருந்து, அவர் அரை மனதாகச் சம்மதித்த பிறகு எடுத்துக்கொண்டது இது.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. பதினான்கு வருடங்களாகப் புதன்கிழமை தவறாமல் ஒரு வலைப்பதிவு எழுதுகிறார். இணையத்தில் கிடைக்கும் சின்னச் சின்னக் கருவிகளை முயன்று பார்த்து, அது எப்படி, இது எப்படி என்று சாவகாசமாகச் சொல்லும் பதிவு. படிப்பவர்கள் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். மாதிரிக்கு ஒன்று:

"இந்த வாரம் பிடிஎஃப் கோப்புகளை ஒன்றோடொன்று ஒட்டித் தரும் தளங்கள் ஏழைப் பார்த்தேன். ஆறு தளங்கள் ஒட்டுவதற்கு முன்னாலேயே என் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டன. ஏழாவது எதையும் கேட்கவில்லை. கேட்காத தளத்தை நான் முதலில் சந்தேகிப்பேன், பிறகு அதன்மேல் பிரியம் வந்துவிடும். வானிலை சொல்லும் தளங்களைப் பற்றி எழுதச் சொல்லி ஒருவர் கேட்டிருக்கிறார். நான்கைப் பார்த்தேன். மாடியில் காயும் துணியை என் மனைவி எப்போது எடுக்கிறாள் என்று பார்ப்பதே மேல்."

இப்படிப்பட்ட மனிதரின் பதிவு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று மறுநாள் கடைக்கே போனேன். போனவனுக்குக் கதை கிடைத்தது.

2

இதை எப்படித் தொடங்குவது என்று ஒரு வாரம் திண்டாடினேன். அந்தக் கழிவுகளையும் பாருங்கள்.

"தே-குவாங் கண்விழித்தபோது..." (கண்விழிப்பதில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

"ஓர் இணையச் சேவை சாகும்போது, அதோடு சேர்ந்து..." (யாரும் சாகவில்லை. இதையே பின்னால் ஓர் அக்கா என்னைவிட நன்றாகச் சொல்லித் திட்டுவார்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். 'மறுபடியும்' என்று ஒரு சேவை இருந்தது.* இணையத்தில் எதையாவது படித்துப் பிடித்துப்போனால் அதன் சுட்டியை அதில் சேர்த்து வைக்கலாம். அது தினமும் காலை ஆறரை மணிக்கு, நீங்கள் சேர்த்தவற்றிலிருந்து ஏதோ ஒன்றைத் தன் இஷ்டத்துக்குப் பொறுக்கி மின்னஞ்சலில் திருப்பி அனுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை.

தே-குவாங் அதில் சேர்ந்து பதினொரு வருடம். காலையில் அவரும் மனைவி ஷு-சென்னும் சாப்பிட உட்காருவார்கள். முட்டைச் சுருளைக் கத்தரிக்கோலால் துண்டு போட்டு, சோயாப் பாலை இரண்டு கோப்பையில் ஊற்றிய பிறகு, அவர் வந்த சுட்டியைத் திறந்து உரக்க வாசிப்பார். அதிலிருந்து பேச்சு கிளம்பும். கிளம்பி எங்கெங்கோ போகும். எட்டு மணிக்கு ஷு-சென் ஊர் நீச்சல் குளத்துக்கு வேலைக்குப் போய்விடுவாள். அங்கே அவள் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஆகஸ்ட் முதல் தேதி சுட்டிக்குப் பதிலாக ஓர் அறிவிப்பு வந்தது. "செப்டம்பர் முப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நன்றி. தூ மெய்-யுன்."

அவர் அதை வாசிக்கவில்லை. பழைய மின்னஞ்சல் ஒன்றைத் தேடியெடுத்து அன்று வந்ததுபோல வாசித்தார். ஏன் என்று நான் கேட்டபோது துணியால் ஒரு கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி புயல்ல நாலு நாள் மின்னஞ்சலே வரல," என்றார். "அந்த நாலு நாளும் நாங்க பேசல. ஒரு வார்த்தை இல்ல. கத்தரிக்கோல் சத்தம்தான். அப்பத்தான் எனக்குத் தோணிச்சு, எங்களுக்குப் பேச ஒண்ணும் இல்ல, அந்தச் சேவைதான் எங்க ரெண்டு பேருக்கும் பேசிக் குடுக்குதுன்னு."

* பெயரை மாற்றியிருக்கிறேன். கருவிகளின் பெயரைப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. மீறிவிட்டேன்.

3

அந்தப் புதன்கிழமை அவர் கடையைச் சாத்திவிட்டு, ஒரு டப்பா சதுர பிஸ்கட்டுடன் ரயில் ஏறி, வடக்கே அரைமணி நேரத் தொலைவில் இருக்கும் தோலியூவில் இறங்கினார். பையில் நான்கு பக்கத் திட்டம் இருந்தது. சேவையைத் தானே எடுத்து நடத்துவது எப்படி என்ற திட்டம். ஷு-சென்னிடம் லென்ஸ் வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

அறிவிப்பின் கீழே இருந்த முகவரி ஒரு பள்ளிச் சீருடைக் கடை. உள்ளே ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவர் தையல் இயந்திரத்தில் சட்டைப் பைகளின்மேல் மாணவர் எண்களைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் தூ மெய்-யுன். ஒரு காலத்தில் ஷின்சூ நகரில் நிரல் எழுதும் வேலையில் இருந்தவர்.

"எந்தப் பள்ளிக்கூடம்?" என்றார் தலை நிமிராமல்.

"பள்ளிக்கூடம் இல்லக்கா. நான் 'மறுபடியும்'..."

இயந்திரம் நின்றது. "ஐயோ, ஆளே நேர்ல வந்தாச்சா? திட்டவா, அழவா?"

"எடுத்து நடத்த."

மெய்-யுன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு கட்டுச் சட்டையையும் சின்னக் கத்தரியையும் அவர் மடியில் போட்டார். "பேசு. ஆனா சும்மா உக்காராதே. அடுத்த வாரம் பள்ளிக்கூடம் தொறக்குது. பின்பக்கம் தொங்குற நூலை வெட்டிக்கிட்டே பேசு, தம்பி."

தே-குவாங் நூல் வெட்டிக்கொண்டே நான்கு பக்கத்தையும் சொன்னார். சர்வரை எங்கே வைப்பது, பழுது வந்தால் யார் பார்ப்பது, எல்லாம். மெய்-யுன் கடைசிவரை கேட்டார்.

"திட்டம் நல்லாருக்கு. குடுக்க மாட்டேன்."

"ஏன்க்கா?"

"முந்நூத்தி நாப்பது பேரு என்னை நம்பிச் சேத்து வச்சது. ஒருத்தர் என்னத்தைப் படிச்சாரு, என்னத்தைத் திரும்பப் படிக்க ஆசைப்பட்டாருன்னு தெரியறது, அவரோட தலையணைக்கடியில கைய விடற மாதிரி. அதைத் தூக்கி உன்கிட்ட குடுத்தா அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"நீங்க அவங்க முகத்தையே பாத்ததில்லையே."

"பாக்காத முகம்தான் தம்பி ரொம்ப உறுத்தும்."

"அப்ப நீங்களே நடத்துங்க. மூடாதீங்க."

"பதிமூணு வருஷமா ஞாயித்துக்கிழமை காலையில மின்னஞ்சல் எங்க சிக்கிச்சுன்னு தேடறேன். போதும். மூடறதுன்னா என்ன, சாவா? பள்ளிக்கூடம் முடியற மாதிரிதான். மணி அடிச்சா வீட்டுக்குப் போகணும்."

அப்போதுதான் தே-குவாங் வாயிலிருந்து அது விழுந்தது. "அப்புறம் நாங்க காலையில என்ன பேசறது?"

மெய்-யுன் இயந்திரத்தை மறுபடி நிறுத்தினார். தே-குவாங், வேறு வழியில்லாமல், புயலின் நான்கு நாள்களையும் சொன்னார். கேட்டுவிட்டு அந்தம்மா சட்டைக் குவியல்மேல் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பொண்டாட்டிகூடப் பேசறதுக்கு என் சர்வர் ஓடணுமா உனக்கு? போ, முதல்ல வீட்டுக்குப் போய் உண்மையச் சொல்லு. இரு, இந்தக் கட்டை முடிச்சுட்டுப் போ."

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மெய்-யுன் அளவுக்கு மீறி நல்லவராக வந்துவிட்டாரோ? சமன் செய்ய ஒரு கெட்ட குணம் கொடுக்கலாமென்று நினைத்து, "அவர் கஞ்சத்தனமாக..." என்று தொடங்கி நிறுத்தினேன். பொய். தே-குவாங்கிடம் கேட்டால், "பிஸ்கட்ட ஒருத்தரே தின்னு தீத்தாங்க, எனக்கு ஒண்ணுகூட நீட்டல," என்றார். அதுவே போதும், வைத்துக்கொள்ளுங்கள்.

(நீக்கிய பகுதி: மெய்-யுன் துணியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத் தைப்பதைத் தே-குவாங் கவனித்துவிட்டார். "அக்கா, உங்க கண்ணாடி தப்பு" என்று சொல்லி, செப்டம்பரில் சியாயிக்கு வரவழைத்துக் கண் பரிசோதித்து வேறு போட்டுக் கொடுத்தார். பதிலுக்கு அவர் தே-குவாங்கின் வெள்ளை அங்கியில் கடைப் பெயரைத் தைத்துக் கொடுத்தார். நடந்தது நடந்ததுதான், ஆனால் கதைக்கு இது அதிக இனிப்பு. நீக்கியதை நீங்கள் படித்துவிட்டால் நான் பொறுப்பல்ல.)

5

வீட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னாரா? சொல்லவில்லை. சட்டையெல்லாம் நூல் பிசிறோடு வந்து லென்ஸ் கிடைக்கவில்லை என்றார். ஷு-சென் பிசிறைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெய்-யுன் எல்லாருக்கும் அவரவர் சேர்த்த சுட்டிகளை ஒரே கோப்பாக அனுப்பிவைத்தார். எந்த நாள், எத்தனை மணிக்குச் சேர்த்தது என்பதும் அதில் இருந்தது. தே-குவாங் மேசையில் உட்கார்ந்து திறந்தார். எதிரில் ஷு-சென் பம்பளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவருக்கு முகம் மாறியது.

"இதெல்லாம் நான் சேத்ததே இல்லையே. செவ்வாய்க்கிழமை மத்தியானம். செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் அப்பக் கடையில இருப்பேன்! ஷு-சென், யாரோ நம்ம கணக்குல நுழைஞ்சிருக்கான். ஒம்பது வருஷமா!"

"நுழைஞ்சு என்ன திருடினான்?"

"திருடல... சேத்து வச்சிருக்கான்."

"நல்ல திருடன்."

அவர் நிமிர்ந்தார். அவள் தோலை வாயருகே வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை நீச்சல் குளத்துக்கு விடுமுறை. கடவுச்சொல்லை மறக்காமலிருக்கக் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டியவர், இணையப் பாதுகாப்பைப் பற்றி ஆறு பதிவு எழுதிய இதே தே-குவாங்தான்.

"நீயா?"

"பின்ன? நீ சேக்கிறத மட்டும் நம்பியிருந்தா தினமும் படத்தைச் சின்னதாக்குற தளத்தைப் பத்திதான் கேக்கணும், ஆ-குவாங். முட்டை தொண்டையில இறங்குமா?"

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அப்படிக் கண்ணை விரிச்சு வாசிப்பியா? 'ஷு-சென், ஆக்டோபஸுக்கு மூணு இதயமாம்!' எனக்கு அது எப்பவோ தெரியும். உன் மூஞ்சியப் பாக்கத்தான் வச்சேன்."

தே-குவாங் உரித்த சுளை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு தோலியூ, நான்கு பக்கத் திட்டம், நூல் வெட்டியது, எல்லாவற்றையும் கொட்டினார். புயலின் நான்கு நாள்களைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "நமக்குள்ள பேச ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்."

"அடப்பாவி, எனக்கு அப்பப் பல்லு வலி!" என்றாள் ஷு-சென். "உன்கிட்ட சொன்னா டாக்டர் தேடற தளம் நாலை ஒப்பிட்டுப் பாக்க உக்காருவே. அதான் வாய மூடிக்கிட்டு நானே போய்ப் புடுங்கிட்டு வந்தேன்."

"பல்லப் புடுங்கினியா? எந்தப் பல்லு?"

அவள் வாயைத் திறந்து காட்டினாள். இரண்டு வருடமாகத் தன் மனைவிக்கு ஒரு பல் குறைவு என்பதை அவர் அன்றுதான் பார்த்தார். வெட்கமாக இருந்ததாம். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பும் வந்ததாம். இரண்டையும் ஒன்றாக எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. "வெட்கத்தோடு சிரித்தார்" என்றால் அது வேறு எதுவோ ஆகிவிடுகிறது. விட்டுவிட்டேன்.

அன்று மாலை அவர் உட்கார்ந்து எண்ணினார். அவளுடையவை மட்டும் ஆயிரத்து நூற்றுப் பதினேழு.

6

இனி முடிவு. கையில் மூன்று இருக்கின்றன.

முதலாவது: அவர் இதே வேலையைச் செய்யும் வேறொரு சேவையைக் கண்டுபிடிக்கிறார். (நான்கைக் கண்டுபிடித்தார். நான்கையும் பற்றி எழுதினார். எதிலும் சேரவில்லை.)

இரண்டாவது: அக்டோபர் முதல் தேதி காலை, சுட்டி வராத மேசையில் இருவரும் மௌனமாக, ஆனால் நிறைவாக... (பல் இல்லாதவள் சும்மா இருப்பாள் என்று யார் சொன்னது?)

மூன்றாவது எனக்கு நிஜமாகவே தெரிந்தது. அன்று காலை பத்து மணிக்கு என் கண்ணாடியின் மூக்குப்பட்டை உடைந்து, கடை வாசலில் போய் நின்றேன். கடை திறக்கவில்லை. பதினான்கு வருடத்தில் அவர் தாமதித்து நான் பார்த்ததில்லை. பத்து இருபதுக்கு ஸ்கூட்டர் வந்தது. முன்னால் தே-குவாங், பின்னால் ஷு-சென்; அன்று செவ்வாய்க்கிழமை, குளத்துக்கு விடுமுறை. இருவரும் தலைக்கவசத்துக்குள்ளிருந்தே பேசிக்கொண்டு வந்தார்கள், ஒரே நேரத்தில். வண்டிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அணைத்த பிறகும் இறங்காமல் ஒரு நிமிடம் பேசினார்கள். ஷு-சென் அவர் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்ன, இவ்வளவு நேரம்?" என்றேன்.

"பேசிக்கிட்டிருந்தோம். மணி பாக்கல."

"எதைப் பத்தி? கதைக்கு வேணும்."

அவர் அவளைப் பார்த்தார். "சொல்லலாமா?"

"வேணாம்," என்றாள் ஷு-சென். "உங்க கதையில வர்றவங்களை வச்சு நீங்களே ஏதாவது பேச வச்சுக்கோங்க."

முயன்று பார்த்தேன். நான் எழுதிய எந்தப் பேச்சுக்கும் அவள் அத்தனை ஓங்கித் தட்ட மாட்டாள். ஆகவே வாசகரே, அந்த இருபது நிமிடத்தை உங்களிடம் கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் எதிரே உட்கார்ந்து சாப்பிடுபவர் யாராவது இருந்தால், எழுதிப் பார்க்க வேண்டாம். அவரிடமே தொடங்கிப் பாருங்கள்.