சத்தமில்லாத காரும் பஜார் ஆடுகளும்

வெங்கிடேஸ்வரனின் பழைய அம்பாசடர், கொச்சி தோப்பும்படியில் உள்ள வீட்டில் உறுமிக் கிளம்பும்போதே மட்டாஞ்சேரி பஜாரில் மிளகு விலை ஏறிவிடும். இதில் மிகை ஒன்றுமில்லை. அந்த இரைச்சலைக் கேட்டு, துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று பதிலுக்குச் சங்கு ஊதியிருக்கிறது.

"சாமி பொறப்பட்டாச்சு!" என்பார் கிடங்குக்காரர் ராக்கப்பன். உடனே காய்ந்த மிளகு உள்ளே போகும். ஈர மிளகு முன்னால் வரும். மிளகுத் தரகரான வெங்கிடேஸ்வரன் வந்து இறங்கும்போது நல்ல சரக்கும் இருக்காது, நல்ல விலையும் இருக்காது. இப்படியே போனால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இரண்டாயிரத்து மூன்றில், எர்ணாகுளத்துக் கம்பெனி ஒன்று சத்தமே போடாத குட்டி மின்சாரக் காரை ஒரு வருஷ லீசுக்குத் தருகிறது என்று கேள்விப்பட்டார். சொல்லியனுப்பியதும் கம்பெனி ஆளான திருப்பூணித்துறை சந்தீப் டை கட்டிக்கொண்டு காரோடு வந்தான். இருவருமாக பஜாருக்கு ஓட்டிப் பார்க்கப் போனார்கள்.

"சத்தமே இல்லை, கேட்டேளா மாமா?"

"இல்லாத சத்தத்தை எப்படிடா கேக்கறது?"

உள்ளுக்குள் அவர் மனம் குதித்தது. முகத்திலோ பூஞ்சை பிடித்த மிளகைப் பார்த்த பாவனை. வேண்டும் என்று காட்டிவிட்டால் விலை குறையாது என்பது தரகருக்குத் தெரியாதா?

பஜாரில் நடுரோட்டில் ஆடுகள் படுத்திருந்தன. சந்தீப் ஹார்ன் அடித்தான். மட்டாஞ்சேரி ஆடுகளுக்கு ஹார்ன் தாலாட்டு. எஞ்சின் உறுமல் வயிற்றில் அதிர்ந்தால்தான் எழுந்திருக்கும். ஒரு கிடா எழுந்து வந்து, காரின் மூக்கில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

"சத்தமும் இல்லை, ஓட்டமும் இல்லை. பாதி வண்டிக்கு எதுக்குடா முழு வாடகை?"

"கம்பெனி வச்ச வாடகை மாமா, குறையாது. பேட்டரி போனா அதுவும் உங்க செலவாக்கும்."

சுமை தூக்குகிறவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். வெங்கிடேஸ்வரன் தோள் துண்டை எடுத்து சந்தீப்பின் கைமேல் போர்த்தினார்.

"இங்கே வெலையை வாயால சொல்லப்படாது. துண்டுக்குள்ளே நான் ஒரு விரலைப் பிடிச்சா மாச வாடகைல நூறு கொறையணும். கட்டை விரலைப் பிடிச்சா பேட்டரி கம்பெனி செலவு. பிடிக்கலேன்னா நீ என் விரலை மடக்கு. கையை மொதல்ல உருவறவன் சம்மதிச்சதா அர்த்தம். மனசிலாச்சா?"

"மனசிலாச்சு மாமா," என்றான் சந்தீப். விரலைத் தொட்டாலே தனக்குக் கூசும் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

முதல் விரலுக்குப் பல்லைக் கடித்தான். இரண்டாவதற்குக் கண் கலங்கிற்று. மூன்றாவதற்கு, மடக்க வேண்டியதையும் மறந்து நெளிந்தான். கட்டை விரலைத் தொட்டதும் "ஐயோ மாமா!" என்று அலறிக் கையை உருவிக்கொண்டான். அந்த அலறலுக்கு அத்தனை ஆடுகளும் எழுந்து வழிவிட்டன.

"கச்சவடம் முடிஞ்சுது, பேரம் படிஞ்சாச்சு!" என்று கூட்டம் கை தட்டியது. சந்தீப்பால் மறுக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து அவனுக்கு மூச்சே வரவில்லை.

கார் கைக்கு வந்த முதல் வாரம் வெங்கிடேஸ்வரன் பலா இலையை ஓரத்தில் வீசி, ஆடுகளை ஒதுக்கி, சத்தமில்லாமல் போய் இறங்கினார். காய்ந்த மிளகோடு கையும் களவுமாக அகப்பட்ட ராக்கப்பன், "சாமி எப்ப வந்தீங்க?" என்று திணறினார்.

இரண்டாவது வாரம் ஆடுகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இலை தரும் வண்டியை வரவேற்க அவை தோப்பும்படிக்கே வந்து காத்திருந்து, ஊர்வலமாகக் கத்திக்கொண்டு பின்னால் வந்தன. அம்பாசடரே தேவலாம் என்று ஆகிவிட்டது. மிளகு விலை மறுபடி ஏறியது.

மனைவி கனகாம்பாள் கேட்டாள். "ஏன்னா, ஆடு உங்க பின்னாடி வரதா, வண்டி பின்னாடி வரதா?"

மறுநாளிலிருந்து வண்டியை அவள்தான் ஓட்டினாள். கியர் இல்லாத வண்டி, ஒரே நாளில் கைவந்தது. ஆட்டு ஊர்வலத்தோடு அவள் பஜாரின் ஒரு முனையில் நுழைவாள். கிடங்குக்காரர்கள் அந்தப் பக்கம் கழுத்தை நீட்டுவார்கள். மறுமுனைச் சந்து வழியாக, செருப்பைக் கையில் பிடித்தபடி அவர்கள் ஒளிப்பதற்குள் வெங்கிடேஸ்வரன் காய்ந்த மிளகு முன்னால் போய் நிற்பார்.

வருஷம் முடிந்து லீசைப் புதுப்பிக்க சந்தீப் வந்தான். வெங்கிடேஸ்வரன் ஆசையோடு துண்டை எடுத்தார். கனகாம்பாள் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"வண்டி இப்போ என்னோடதாக்கும். நான் பேசிக்கறேன்."

சந்தீப் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் ஆழமாக விட்டுக்கொண்டான்.

"மாமி, எவ்வளவு தரேள்னு நீங்களே வாயால சொல்லிடுங்கோ!"