ரெஜிஸ் கேட்ட ஒரு வருடம்

பொக்லைன் வேலியைத் தாண்டியதும் ரெஜிஸ் அதன் முன்னால் வந்து நின்றான். கையை உயர்த்தவில்லை, கத்தவில்லை. சும்மா நின்றான். டிரைவர் மார்செல் பிரேக்கை மிதித்தான்.

தன் திராட்சைத் தோட்டத்தில் இது நடக்கும் என்று ஓதீல் எதிர்பார்த்ததுதான். அவளுடைய தம்பி ரெஜிஸ், ஊர் ஒயின் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவன். தெற்கு பிரான்சின் இந்தக் கோர்பியேர் மலைப்பக்கம் சரியான மழை பெய்து மூன்று வருடமாகிறது. இளசுகள் பீருக்கு மாறிவிட்டார்கள். ஸ்பெயின் சரக்கு டேங்கர் டேங்கராக வந்து பாதி விலைக்கு இறங்குகிறது. திராட்சைக் கொடியை வேரோடு பிடுங்கினால் அரசாங்கம் பணம் தருகிறது. ஊரில் பாதிப் பேர் பிடுங்கியாயிற்று. அவளும் பிடுங்கினால் சங்கத்தின் தொட்டிகள் நிரம்பாது. செப்டம்பர் அறுவடைக்குக் கதவு திறக்காது.

அதையெல்லாம் அவன் மறுபடி சொன்னான். அப்பா நட்ட கொடி என்றான். அவள் அசையவில்லை.

"நீ நின்னா மத்தவங்களும் நிப்பாங்க. ஒரே ஒரு வருஷம், அக்கா."

"என் தேஞ்சுபோன முட்டியையும் சங்கத்துல சேர்த்துக்கோ. அது நிக்குதான்னு பார்ப்போம்."

அவன் சிரிக்கவில்லை. பக்கத்துக் கொடியைக் குனிந்து பார்த்தான். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மொட்டை மட்டும் விட்டுவிட்டு, மீதி சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

"பிடுங்கப்போற கொடிய எதுக்குக் கவாத்து பண்ணே?"

ஜனவரி பிறந்ததும் அவள் கை தானாகக் கத்தரியை எடுத்திருந்தது. பன்னிரண்டு ஹெக்டேரையும் தனியாக முடித்திருந்தாள். முடித்த அன்றுதான் தான் செய்த காரியம் அவளுக்கே உறைத்தது.

ஓதீல் மார்செலிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னாள். ஒரு வருடம் பார்க்கலாம் என்றாள்.

இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு திரும்புவதா என்று மார்செல் முனகினான். பிறகு எட்டிப் பார்த்தான்.

"குரலக் கேட்டதும் நெனச்சேன், நீங்கதான் ரெஜிஸ் ஐயாவா? போன்ல பேசினோமே. அப்போ நாளைக்குச் சொன்ன பிடுங்குற வேலைய இன்னைக்கே முடிச்சிடறேன். உங்க மேட்டு நிலத்துக்கு எப்படிப் போகணும்?"

ரெஜிஸின் காது மடல்கள் சிவந்தன.

"என்னால முடியல, அக்கா. நீயாவது இருந்தா, நம்ம வீட்டுல ஏதோ ஒண்ணு மிஞ்சும்னு நெனச்சேன்."

ஓதீல் திட்டவில்லை. தலைப்பாகையாகக் கட்டியிருந்த துணியை இறுக்கிக்கொண்டாள்.

"வழி கேக்குறாரில்ல. காட்டு."

ரெஜிஸ் மேட்டுப் பாதையில் ஏறினான். பொக்லைன் திரும்பி, அவன் நடைக்குத் தக்கபடி பின்னால் ஊர்ந்தது. மண் படாத அதன் இரும்புப் பற்கள் அவன் தலைக்கு மேலே ஆடிக்கொண்டே போயின.