ஜன்னலோரத்துக் குச்சிகள்

ஆலிவ் மரம் சாய்ந்த அன்று தையற்காரிக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போலிருந்தது. கணவர் பக்கத்திலேயே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றதால் அடக்கிக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் அந்த மரத்தை நட்டவள் அவருடைய முதல் மனைவி. மூத்தவள் இறந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் அவள் எங்கும் போய்விடவில்லை, கொல்லையில்தான் நிற்கிறாள் என்பது இரண்டாவதாக வந்தவளுக்கு மட்டும் தெரியும்.

காலையில் எழுந்ததும் அவர் காப்பிக் கோப்பையோடு மரத்தடிக்குத்தான் போவார். பெண்டாட்டி ஒருத்தி அடுப்படியில் நிற்பது அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். நல்ல மனிதர்தான், கோபம் வந்தால்கூடக் குரல் உயராது. அதனால்தான் அவளால் சண்டைகூடப் போட முடியவில்லை. கடைசியில் மரத்தின் வேரே அவளுக்கு உதவியது. அது கழிவுநீர்க் குழாய்க்குள் புகுந்து, குளியலறையில் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்தது. குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, "மரம் வேணுமா, குழாய் வேணுமா, நீங்களே சொல்லுங்க" என்று கையை விரித்தார்.

வெட்டுவதற்கு முன்பு கணவர் பென்சில் பருமனில் சில கிளைகளை நறுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கடிகாரம் பழுதுபார்க்கிறவர் அவர். விரல் நுனியில் செய்கிற வேலை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். குச்சிகளின் கீழ் இலைகளை உருவினார். நுனி இலைகளைப் பாதியாக வெட்டினார், அதுவும் அவள் துணி வெட்டுகிற கத்தரிக்கோலால். அடித்தோலை லேசாகச் சீவி, வேர்விடவைக்கும் பொடியில் தோய்த்து, ஈர மணல் நிரப்பிய டப்பாக்களில் செருகி, ஒவ்வொன்றின்மேலும் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அவளுடைய தையல் மெஷின் இருக்கிற ஜன்னலில்தான். டப்பாக்கள் அத்தனையும் அங்கே வந்து உட்கார்ந்தன.

"தண்ணி மட்டும் தெளி. பிடிச்சு இழுத்துப் பார்த்துடாத. இப்பதான் கிளம்புற வேர் அறுந்துபோயிடும்" என்றார்.

எப்படிக் கெடுப்பது என்பதை அவரே சொல்லிக்கொடுத்துவிட்டார், பாவம்.

அன்று மதியம் தங்கைக்குப் போன் போட்டாள். "ஒரு குச்சி வேர் பிடிச்சாலும் போதும்டி, நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடுவேன். இன்னொரு தடவை அவ நிழல்ல என்னால குடித்தனம் பண்ண முடியாது."

"வாக்கா. ஆனா மெஷினைத் தூக்கிட்டு வந்துடாத, இங்க எனக்கே படுக்க இடமில்ல."

அவர் கடைக்குப் போனதும் தினம் ஒரே வேலை. தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை விரித்துப்போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வருவாள். பையைத் தூக்கி, குச்சியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுப்பாள், பிறகு அழுத்திவைத்துவிடுவாள். பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். இழுக்கும்போது பிடரிக்கு மேலே, மயிர்க்காலில், சுருக்கென்று ஒரு வலி வரும். குளிர்ந்த தண்ணீரில் குளிப்பதால் என்று நினைத்துக்கொண்டாள்.

குச்சிகள் ஒவ்வொன்றாய் வாடின, இலைகள் பழுத்து உதிர்ந்தன. அவர் உதிர்ந்த இலைகளை மேசை விளக்கின் கீழே வைத்து, நின்றுபோன கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். அவளுடைய சீப்பிலும் முடி கற்றையாக வந்தது. அதற்கும் தண்ணீரைத்தான் பழித்தாள்.

ஒன்று மட்டும் சாகவில்லை.

அதன் இலைகள் ஜன்னலைப் பார்க்கவில்லை. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளுடைய நாற்காலியைப் பார்த்தன. டப்பாவைத் திருப்பிவைத்தாள். மறுநாள் மறுபடியும் அவள் பக்கம் திரும்பியிருந்தன. அவள் தைத்துக்கொண்டிருக்கும்போது பிளாஸ்டிக் பை உள்பக்கம் ஒட்டும், பிறகு உப்பும். அவள் மெஷினை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஜன்னலை மூடிப் பார்த்தாள். காற்றில்லாத அறையிலும் பை அசைந்தது.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து போய் அதைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. குழந்தை விரலைப் பற்றிக்கொள்வதுபோல், அதுவும் உள்ளேயிருந்து மெல்ல இழுத்தது. அவளுடைய தலை தானாகப் பின்னால் சாய்ந்தது.

அன்றைக்கே பெட்டியை எடுத்துத் துணியை அடுக்கினாள். சாயங்காலம் கணவர் உள்ளே வந்தபோது, பெட்டி கட்டிலின்மேல் திறந்து கிடந்தது. அவர் ஒன்றும் புரியாமல் பெட்டியையும் அவளையும் பார்த்தார்.

"வேர் பிடிச்சிடுச்சு. இனி உங்க மூத்தவளே இருக்கட்டும், நான் கிளம்புறேன்" என்றாள். பிறகு தாங்க முடியாமல், "மத்ததை எல்லாம் நான்தான் இழுத்து இழுத்துக் கொன்னேன்" என்று கத்தினாள்.

அவர் கோபப்படவில்லை. "ஒரு குச்சிக்காகவா நீ வீட்டைவிட்டுப் போகணும்?" என்றார். "மரத்துக்கிட்ட பேசுற எனக்கு உங்கிட்டப் பேசத் தெரியாமப் போச்சு. அது என் தப்புதான்."

ஜன்னலுக்குப் போய், பையைக் கழற்றி எறிந்துவிட்டு, குச்சியை அடியோடு பிடித்து இழுத்தார்.

"ஐயோ!" என்று அலறினாள். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பிடுங்காதீங்க! வலிக்குதுங்க!"

அவர் கை அப்படியே நின்றது. குச்சி பாதி வெளியே வந்திருந்தது. மணல் உதிர்ந்த இடத்தில் வேர்கள் நூல் நூலாய் வெள்ளையாகத் தெரிந்தன. ஒவ்வொரு வேரையும் ஒரு நீள முடி பின்னலாகச் சுற்றியிருந்தது. எது வேர், எது முடி என்று பிரிக்க முடியாத பின்னல்.

"அவளோடதா?" என்று கேட்டாள்.

"அவளுக்குக் கடைசியில தலையில முடியே இல்லையே" என்றார் அவர். ஒரு முடியை மட்டும் விரலால் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். நுனியில் பழைய சாயத்தின் செம்பட்டை. "இது உன்னோடது."

ஈரத்தலையோடு குனிந்தபோது உதிர்ந்ததாக இருக்கும் என்று அவள் சொல்லப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து இந்த வீடு தன்னை ஏற்கவில்லை என்றே நினைத்திருந்தாள். இப்போது அது பிடித்த பிடியில் உடம்பெல்லாம் நடுங்கியது. அந்த நடுக்கத்துக்கு அடியில், வெட்கமில்லாமல், கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

"திரும்ப வைங்க" என்றாள். "மெதுவா."

அவர் குச்சியை மணலுக்குள் இறக்கி, சுற்றிலும் விரலால் அழுத்தினார். குவளையை எடுத்து அடியில் தண்ணீர் ஊற்றினார்.

தரையில் உட்கார்ந்திருந்தவளின் உச்சந்தலை மயிர்க்கால்கள் ஒவ்வொன்றாய்க் குளிர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள்.